கடலில் எண்ணெய்க் கிணறு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் கிணறு தோண்டும் ரிக்கில் மட் இன்ஜினியராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். லீவில் வரும்போதெல்லாம் உறவினர்கள், நண்பர்கள், இந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் என யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறாது. ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லி, சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுவேன். அந்த மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

கடலுக்கு அடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்குமா?

நிற்காது. எண்ணெய் இருப்பது பாறைக்குள். மணற்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. நன்றாக நனைந்த செங்கல் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறதே, அப்படித்தான் அந்தப் பாறை எண்ணெயையும் வாயுவையும் உப்புநீரையும் பிடித்து வைத்திருக்கிறது. மேலே எதுவும் ஊடுருவ முடியாத களிப்பாறையோ உப்புப்பாறையோ மூடிபோல் இருப்பதால்தான் அது பல கோடி வருடமாக அங்கேயே தங்கியிருக்கிறது.

இதில் முக்கியமான சொல் அழுத்தம். 3,000 மீட்டர் ஆழத்தில் சாதாரணமாகவே ஏறக்குறைய 300 வளிமண்டல அழுத்தம் இருக்கும். காரின் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான். அந்த மூடியில் நாம் ஒரு துளை போடுகிறோம். இனி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

அங்க எண்ணெய் இருக்குன்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

ஒரு கப்பல், அழுத்தமேற்றிய காற்றைத் தண்ணீருக்குள் படீரென்று விட்டு ஒலி எழுப்பும். அந்த ஒலி கடலடியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கேபிள்களில் உள்ள ஒலிவாங்கிகள் அந்த எதிரொலியைப் பதிவு செய்யும். அதைக் கணினியில் கோத்துப் பார்த்தால் பாறை அடுக்குகளின் படம் கிடைக்கும்.

படத்தில் தெரிவது பாறையின் வடிவம்தான். உள்ளே எண்ணெயா வெறும் உப்புநீரா என்பது பல நேரம் துளை போட்ட பிறகுதான் உறுதியாகும். மாதக்கணக்கில் தோண்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சிமெண்டால் அடைத்துவிட்டு வந்த கிணறுகள் என் கணக்கிலும் உண்டு.

ரிக், பிளாட்பாரம், ரெண்டும் ஒண்ணுதானே?

ரிக் என்பது கிணறு தோண்டுவது. வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போய்விடும். பிளாட்பாரம் என்பது தோண்டிய கிணறுகளிலிருந்து எண்ணெயை எடுக்க அதே இடத்தில் இருபது, முப்பது வருடம் நிற்பது. சில பெரிய பிளாட்பாரங்களில் தோண்டும் கருவிகளும் சேர்ந்தே இருக்கும். குழப்பம் அதனால்தான் வருகிறது. நான் வேலை பார்த்தது ரிக்கில்.

அது மிதக்குதா, தரையில ஊனி நிக்குதா?

கடல் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. ஆழம் குறைந்த இடத்தில் ஜாக்கப் ரிக். பெரிய தெப்பம் போன்ற உடல், மூன்று நீண்ட கால்கள். கால்களைத் தூக்கிக்கொண்டு மிதந்து வரும். இடம் வந்ததும் கால்களைக் கடலடியில் ஊன்றி, உடலை அலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும். சுமார் 120, 150 மீட்டர் ஆழம் வரைக்கும் இது சரிப்படும். ஊன்றியவுடன் வேலையைத் தொடங்க மாட்டார்கள். உடலுக்குள் கடல்நீரை நிரப்பி, கூடுதல் பாரம் ஏற்றி, அடிமண் தாங்குகிறதா என்று முதலில் சோதிப்பார்கள். மண் திடீரென உள்வாங்கி ஒரு கால் மட்டும் இறங்கிவிட்டால் ரிக்கே சாய்ந்துவிடும்.

உற்பத்தி பிளாட்பாரங்களில் எஃகுச் சட்டத்தைக் கடலடியில் அறைந்து நிறுத்துவது பழைய முறை. மெக்சிகோ வளைகுடாவில் 1988-ல் நிறுத்திய புல்விங்கிள் 412 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. நார்வேயின் ட்ரோல் ஏ கான்கிரீட்டால் ஆனது. மொத்த உயரம் 472 மீட்டர். அதைக் கரையோரம் கட்டி, 1995-ல் நின்ற நிலையிலேயே கடலுக்குள் இழுத்துச் சென்றார்கள். அதற்கும் மேல் ஆழமென்றால் மிதப்பதுதான் வழி. 2010-ல் உற்பத்தி தொடங்கிய பெர்டிடோ ஏறக்குறைய 2,450 மீட்டர் ஆழக் கடலில் மிதக்கிறது. அடியிலிருந்து நங்கூரக் கயிறுகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன.

மிதக்கிற ரிக் அலையில ஆடுமே, துளை மட்டும் எப்படி நேரா போகும்?

ரிக் ஆடத்தான் செய்யும். துளைக்கும் கருவி ஆடக்கூடாது. அதற்குத்தான் ஹீவ் காம்பென்சேட்டர். ரிக் அலையில் மேலே எழும்போது அது, துளைக்கும் கருவி மாட்டிய டிரில் பைப் என்ற நீண்ட குழாயை அதே அளவு கீழே விடும், ரிக் இறங்கும்போது மேலே இழுத்துக்கொள்ளும். முதல் தடவை டிரில் ஃப்ளோரில், அதாவது துளையிடும் தளத்தில், நின்று பார்ப்பவர்களுக்குப் பைப் ஏறி இறங்குவதுபோல் தெரியும். உண்மையில் பைப் அசையாமல் நிற்கிறது. ஏறி இறங்குவது நாம்தான்.

பக்கவாட்டில் நகராமல் இருக்க நங்கூரம் போடலாம். மிக ஆழமான இடத்தில் அதற்குப் பதிலாகக் கப்பலின் அடியில் எல்லாத் திசையிலும் திரும்பும் விசிறிகள் இருக்கும். செயற்கைக்கோளும் கடலடியில் வைத்த ஒலிக்கருவிகளும் இடத்தைச் சொல்லச் சொல்ல, கணினி அந்த விசிறிகளை இயக்கிக் கப்பலை அதே புள்ளியில் நிறுத்தி வைக்கும். மின்சாரம் போய் கப்பல் நகரத் தொடங்கினால், கடலடியிலேயே இணைப்பைக் கழற்றிக்கொண்டு விலக வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

துளை போட்டதும் கடல் தண்ணி உள்ள இறங்கிடாதா?

கடலடியிலிருந்து ரிக் வரை ரைசர் என்ற பெரிய குழாய் நிற்கும். டிரில் பைப் அதற்குள்தான் இறங்குகிறது. கடல் வெளியே, கிணறு உள்ளே. (தொடக்கத்தில் மேல்மண்ணைத் தோண்டும்போது மட்டும் ரைசர் இருக்காது.) துளையின் சுவர் சரியாமல் இருக்க, கொஞ்சதூரம் தோண்டியதும் எஃகுக் குழாய் இறக்கிச் சுற்றிலும் சிமெண்ட் விடுவோம். அதுதான் கேசிங். பிறகு அதற்குள்ளே சிறிய துளை, அதற்கு இன்னும் சிறிய கேசிங். மேலே 30 அங்குலத்தில் தொடங்கிய கிணறு அடிக்குப் போகும்போது 7 அங்குலத்தில் வந்து நிற்கும்.

மட் இன்ஜினியர்னு சொல்றீங்களே, சேத்துக்கு எதுக்கு இன்ஜினியர்?

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் கிணற்றில் முதல் காவல் அந்தச் சேறுதான். தண்ணீரிலோ எண்ணெயிலோ களிமண், பாரைட் என்ற கனமான தாதுப்பொடி, இன்னும் சில ரசாயனங்கள் கலந்தால் மட் தயார். டிரில் பைப்பின் உள்வழியாக அதை அழுத்தி இறக்குவோம். அது துளைக்கும் பிட்டின் வாய் வழியாகப் பீறிட்டு, வெட்டிய பாறைத்துகளை அள்ளிக்கொண்டு பைப்புக்கு வெளியே மேலேறி வரும். பிட்டைக் குளிர வைப்பதும் அதுதான்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. முதல் பதிலில் சொன்ன அழுத்தத்தை எதிர்த்து நிற்பது மட்டின் எடைதான். பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் சேற்றுத்தூண் அடியிலுள்ள பாறையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அது லேசாக இருந்தால் எண்ணெயும் வாயுவும் துளைக்குள் புகும். ரொம்பக் கனமாகிவிட்டால் பாறையே விரிசல் விட்டு, மட் அந்த விரிசலுக்குள் ஓடிவிடும். தூண் உயரம் குறையும். மறுபடி வாயு புகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் ஆழமான கடல்களில் இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும். கேசிங்கைப் பல கட்டமாக இறக்குவதும் இதற்காகத்தான்.

மட் எடை பார்க்கும் தராசு எளிமையானது. ஒரு சிறிய கிண்ணத்தில் மட்டை வழிய வழிய நிரப்பி, மூடியை அழுத்தினால் மூடியில் உள்ள ஓட்டை வழியே கொஞ்சம் பிதுங்கும். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தராசின் கையில் உள்ள எடையை நகர்த்தி, நீர்மட்டக் குமிழி நடுவில் வந்து நிற்கும்போது அளவைப் படிக்க வேண்டும். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சேற்றைத் துடைக்க மறந்தால் எடை கூடுதலாகக் காட்டும். அத்தனை கோடி மதிப்புள்ள ரிக்கில், அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பார்க்கும் அளவு இது. இதை அலட்சியமாகச் செய்பவரை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை.

கிக், புளோஅவுட்னு சொல்றாங்களே, அது என்ன?

மட்டின் எடை போதாமல் பாறையிலிருந்து வாயுவோ எண்ணெயோ துளைக்குள் புகுந்தால் கிக். அதைக் கட்டுப்படுத்த முடியாமல் மேலே வந்துவிட்டால் புளோஅவுட். கிக் அவ்வப்போது வரும். பயிற்சி பெற்ற ஆட்கள் சமாளித்து அனுப்பிவிடுவார்கள். புளோஅவுட் வரவே கூடாது.

கிக் வந்துவிட்டது என்பதைச் சொல்வது மட் தொட்டியின் மட்டம். உள்ளே அனுப்புவதும் திரும்பி வருவதும் சமமாக இருக்க வேண்டும். வருவது அதிகமானால், அந்த அதிகம் எங்கிருந்து வந்தது? கீழே ஏதோ புகுந்து மட்டை மேலே தள்ளுகிறது. பம்பை நிறுத்திய பிறகும் கிணற்றிலிருந்து மட் வழிந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், கிணற்றை மூட வேண்டும். 300 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டராக இருக்கும் வாயு மேலே வரும்போது ஏறக்குறைய 300 லிட்டராக விரியும். அதுவும் அந்த விரிவில் பெரும்பகுதி மேலே நெருங்கும் கடைசி நேரத்தில்தான் நடக்கும். அதனால் கீழே இருக்கும்போதே கண்டுபிடித்தால் பிழைத்தோம்.

மூடுவதற்கு இருப்பது பிஓபி, அதாவது புளோஅவுட் ப்ரிவென்டர். கடலடியில் கிணற்றின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெரிய வால்வு அடுக்கு. ஆழ்கடலில் பயன்படுவது ஒரு நான்கைந்து மாடி உயரமும் முந்நூறு டன்னுக்கு மேல் எடையும் இருக்கும். சில வால்வுகள் டிரில் பைப்பைச் சுற்றிப் பிடித்து மூடும். கடைசி ஆயுதமாக ஒன்று பைப்பையே வெட்டிக்கொண்டு மூடும்.

பிஓபி இருந்தும் மெக்சிகோ வளைகுடாவுல எப்படி வெடிச்சது?

2010 ஏப்ரல் 20, டீப்வாட்டர் ஹொரைசன் ரிக், மக்கோண்டோ கிணறு. கடல் ஆழம் சுமார் 1,500 மீட்டர். தோண்டும் வேலை முடிந்து, கடைசி கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் விட்டு, கிணற்றை மூடி வைத்துவிட்டுக் கிளம்பும் கட்டம். சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று அளவெடுக்க வந்த குழுவை, தேவையில்லை என்று அன்று காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு சோதனை. கிணற்றில் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, கீழிருந்து ஏதாவது தள்ளுகிறதா என்று பார்ப்பது. எதுவும் தள்ளவில்லை என்றால் சிமெண்ட் பிடித்திருக்கிறது. அன்று டிரில் பைப்பில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. பக்கத்துச் சிறு குழாயில் ஒன்றும் வரவில்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு சேர்ந்தவை. இரண்டும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். 1,400-க்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. சோதனை தேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு, ரைசரில் இருந்த கனமான மட்டை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இதை எழுதும்போது கை நிற்கிறது. காவலுக்கு நின்றவனை அனுப்பிவிட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பிய கதை இது.

இரவு ஒன்பதே முக்கால் வாக்கில் மட் ரிக்கின் தளத்துக்கு வந்து பீறிட்டபோது, வாயு ஏற்கெனவே பிஓபியைத் தாண்டி ரைசருக்குள் ஏறியிருந்தது. அதன் பிறகு எதை மூடினாலும் ரைசருக்குள் இருப்பது மேலே வந்தே தீரும். வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், 115 பேர் தப்பினார்கள், இரண்டு நாளில் ரிக் மூழ்கியது. வெட்டி மூடும் அந்தக் கடைசி ஆயுதம் ஏன் உதவவில்லை? அழுத்தத்தில் டிரில் பைப் உள்ளே வளைந்து, கத்தியின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் போய் நின்றிருந்தது. முழுதாக வெட்டவும் அடைக்கவும் அதனால் முடியவில்லை.

ஒரு ஓட்டையை அடைக்க 87 நாளா?

அந்த ஓட்டை ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. மனிதர் இறங்க முடியாது, ரோபோக்கள்தான். முதலில் ஒரு பெரிய எஃகுப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணெயைப் பிடிக்கப் பார்த்தார்கள். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து வாயை அடைத்துவிட்டது. மேலிருந்து கனமான மட்டைத் திணித்துப் பார்த்தார்கள். வெளியே வரும் வேகத்தில் அது நிற்கவில்லை. கடைசியில் ஜூலை 15-ல் மேலே ஒரு புதிய மூடியைப் பொருத்தித்தான் நிறுத்தினார்கள். பக்கத்திலிருந்து இன்னொரு கிணற்றைச் சாய்வாகத் தோண்டி, பழைய கிணற்றை அடியில் தொட்டு, சிமெண்டால் நிரந்தரமாக அடைத்தது செப்டம்பரில். அதற்குள் வெளியேறியது 49 லட்சம் பேரல் என்பது அரசின் மதிப்பீடு. ஒரு பேரல் 159 லிட்டர்.

அப்படிப்பட்ட மூடியை அன்று புதிதாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. இப்போது தயாராகச் செய்து பல இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

ஒரே பிளாட்பாரத்துல இருந்து இருபது முப்பது கிணறுன்னா, எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயேவா?

வாய்தான் பக்கத்துப் பக்கத்தில். கீழே போகப் போக வேரைப்போல் ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்ந்து போகும். முழுக்கக் கிடைமட்டமாகவும் போகும். பிட்டுக்குப் பின்னால் உள்ள கருவி, திசையையும் சாய்வையும் மட் வழியாகவே அழுத்தத் துடிப்புகளாக மேலே அனுப்பும். பத்து கிலோமீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் போன கிணறுகள் உண்டு. போன பதிலில், ஒரு கிணறு இன்னொன்றைப் போய்த் தொட்டதே, அதுவும் இந்த வித்தைதான்.

எடுத்த எண்ணெய் கரைக்கு எப்படி வருது?

கிணற்றிலிருந்து வருவது எண்ணெய், வாயு, உப்புநீர், கொஞ்சம் மணல் எல்லாம் கலந்த கலவை. பிளாட்பாரத்தில் உள்ள பெரிய உருளைத் தொட்டிகளில் அவை தனித்தனியாகப் பிரியும். பிறகு கடலடிக் குழாய் வழியாகக் கரைக்குப் போகும். கரை ரொம்பத் தூரமென்றால் கப்பல் வடிவ மிதவைகளிலேயே பிரித்துச் சேமித்து, டேங்கர் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பழைய கிணறுகளில் எண்ணெயை விடத் தண்ணீர்தான் அதிகம் வரும்.

ராத்திரியில அந்த நெருப்பு எதுக்கு எரியுது? வீண்தானே?

ஃப்ளேர் என்பது பாதுகாப்பு வழி. எங்காவது அழுத்தம் மிஞ்சினால் வாயுவை உடனே வெளியே விட வேண்டும். எரிக்காமல் விட்டால் சுற்றிலும் சேர்ந்து வெடிக்கும். அதற்காகச் சிறு சுடர் எப்போதும் எரிவது தேவை. ஆனால் குழாய் போடச் செலவாகும் என்பதற்காக மொத்த வாயுவையும் நாள்தோறும் கொளுத்துவது வீண்தான், கேட்டவர் சொன்னது சரி. அந்த வாயுவை மறுபடி பாறைக்குள் செலுத்தலாம், பிளாட்பாரத்தின் மின்சாரத்துக்கு எரிக்கலாம், கரைக்கு அனுப்பலாம்.

இவ்வளவு எண்ணெயை உறிஞ்சிட்டா கடலடி உள்ள இறங்கிடாதா?

சில இடங்களில் இறங்கியிருக்கிறது. வட கடலில் நார்வே பகுதியில் எகோஃபிஸ்க் என்ற வயல். அங்கே எண்ணெய் இருப்பது மென்மையான சுண்ணப்பாறையில். எண்ணெய் வெளியேறி அழுத்தம் குறையக் குறைய அந்தப் பாறை நசுங்கியது. மேலே கடலடி தாழ்ந்தது. பிளாட்பாரங்களும் கூடவே தாழ்ந்தன. அலைக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. 1987-ல் கால்களை வெட்டி, தளங்களை ஜாக்கி வைத்து ஒரேசீராகத் தூக்கி, 6 மீட்டர் நீளத் துண்டுகளைச் சேர்த்தார்கள். பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அங்கே நடக்கிறது. கெட்டியான மணற்கல் வயல்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?

எவ்வளவு முன்னதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூறாவளி வரும் கடல்களில் கிணற்றைப் பத்திரமாக அடைத்துவிட்டு ஆட்களை ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். 2005-ல் கத்ரீனா, ரீட்டா இரண்டும் மெக்சிகோ வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிளாட்பாரங்களை அழித்தன. ஆட்கள் முன்பே இறங்கிவிட்டதால் அவற்றில் உயிர் போகவில்லை.

வட கடலில் குளிர்காலம் முழுக்கவே புயல்தான். அங்கே இருந்தே தாங்குவார்கள். 1995 ஜனவரி 1-ல் ட்ராப்னர் பிளாட்பாரத்தில் 25.6 மீட்டர் உயர அலையைக் கருவி பதிவு செய்தது. மாலுமிகள் சொல்லிவந்த ராட்சத அலை வெறும் கதையில்லை என்பதற்கு அசைக்க முடியாத சான்று அன்றுதான் கிடைத்தது. 1982 பிப்ரவரியில் கனடா அருகே ஓஷன் ரேஞ்சர் மூழ்கி 84 பேரும் இறந்ததற்குத் தொடக்கம், அலை உடைத்த ஒரு சிறிய ஜன்னல். தண்ணீர் போய்ச் சேர்ந்தது ரிக்கின் சமநிலையைக் கட்டுப்படுத்தும் அறைக்குள்.

கப்பல் வந்து மோதிடாதா?

சர்வதேசக் கடல் சட்டப்படி பிளாட்பாரத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம் வைக்கலாம். அதற்குள் அனுமதியில்லாமல் எந்தக் கப்பலும் வரக்கூடாது. ஆனால் பயம் வெளிக்கப்பலை விட, வேலைக்காகப் பக்கத்தில் வரும் கப்பலால்தான். 2005 ஜூலை 27-ல் மும்பை ஹை நார்த் பிளாட்பாரத்துக்கு, காயம்பட்ட ஒருவரைச் சிகிச்சைக்காகக் கொண்டுவந்த உதவிக் கப்பல், அலையில் தள்ளப்பட்டு வாயுக் குழாய் ஒன்றில் மோதியது. தீ பிடித்து, இரண்டே மணி நேரத்தில் பிளாட்பாரம் இல்லாமல் போனது. 22 உயிர்கள். குழாய்கள் கப்பல் அணையும் பக்கத்தில், எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துவது.

அழுகின முட்டை நாத்தம் வந்தா ஓடணும்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சில வயல்களில் எண்ணெயோடு வரும். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது, நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அளவு கூடும்போது அது மோப்பத்தையே மரத்துப்போக வைக்கும். காற்றை விடக் கனமானது, அதனால் தாழ்வான இடத்தில் தேங்கும். அலாரம் அடித்தால் முகமூடியை மாட்டி, காற்றுத்துணி காட்டும் திசையைப் பார்த்து, காற்று வரும் பக்கமாக உயரத்துக்குப் போக வேண்டும். விழுந்தவரைத் தூக்க முகமூடி இல்லாமல் ஓடினால் இரண்டாவது ஆளும் விழுவார்.

இந்தத் தொழில்ல நடந்ததிலேயே மோசமான விபத்து எது?

பைப்பர் ஆல்ஃபா. வட கடலில் பிரிட்டன் பகுதி, 1988 ஜூலை 6. 167 பேர் இறந்தார்கள், 61 பேர் பிழைத்தார்கள். அன்று பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் திரும்ப மாட்ட முடியாததால் குழாய் வாயில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டில் இன்னொரு பம்ப் நின்றுவிட்டது. வால்வு இல்லை என்று சொல்லும் காகிதம் இவர்கள் கைக்கு வரவில்லை. பகலில் நிறுத்திய பம்பை ஓட விட்டார்கள். வாயு கசிந்து பற்றியது.

அது அதோடு நின்றிருக்கும். ஆனால் குழாயால் இணைந்திருந்த பக்கத்துப் பிளாட்பாரங்கள் தீயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டிருந்தன. நிறுத்தினால் மறுபடி தொடங்கப் பெரும் செலவு; மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்த அங்கிருந்தவர்கள் தயங்கினார்கள். பைப்பரில் பலர், சொல்லிக்கொடுத்தபடி தங்கும் அறைப் பகுதியில் கூடி, வரமுடியாத ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்து, புகையில் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் உயரத்திலிருந்து கடலில் குதித்தவர்கள். நீதிபதி கல்லன் தலைமையில் நடந்த விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகளைத் தந்தது. இன்று நாங்கள் கையெழுத்து போடும் ஒவ்வொரு பணி அனுமதிச் சீட்டிலும் அந்த இரவு இருக்கிறது.

அங்க எப்படித்தான் இருப்பீங்க? தூக்கம், போன் எல்லாம்?

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு முதல் நான்கு வாரம் வேலை, ஏறக்குறைய அதே அளவு லீவு. தங்கும் அறைப் பகுதி தவிர எங்கும் தீப்பெட்டியோ சாதாரண போனோ கொண்டுபோகக் கூடாது. ஹெலிகாப்டரில் ஏறும் முன் உங்களையும் பையையும் எடை போடுவார்கள். அதற்கும் முன்னால், நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் கூண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளிருந்து வெளியே வரப் பயிற்சி உண்டு. தலைகீழாகத் தொங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறும், எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. ஒரு கை ஜன்னல் விளிம்பை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கூண்டு நின்ற பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எனக்கு முதல் தடவை பயத்தில் பெல்ட்டை முன்பே கழற்றிவிட்டு, ஜன்னல் எங்கே என்று தேடியது நினைவிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: போன் வரவில்லை என்றால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறுதான். அல்லது தூங்குகிறோம்.

எண்ணெய் தீர்ந்துபோனா அதை அப்படியே கடல்ல விட்டுடுவாங்களா?

1995-ல் வட கடலில் பிரென்ட் ஸ்பார் என்ற மிதவைத் தொட்டியை ஆழ்கடலில் மூழ்கடிக்க முயன்றபோது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு எதிர்த்துப் போராட, அது நின்றது. உள்ளே மீதமிருந்த எண்ணெயைப் பற்றித் தாங்கள் சொன்ன கணக்கு தவறு என்று கிரீன்பீஸும் பிறகு ஒப்புக்கொண்டது. 1998-ல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் பழைய பிளாட்பாரங்களைக் கடலில் விடக்கூடாது என்று முடிவெடுத்தன, மிகப் பெரிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. மெக்சிகோ வளைகுடாவில் வேறு வழி: மேல்தளத்தை எடுத்துவிட்டு, கால் சட்டத்தைச் சாய்த்து, பவளமும் மீனும் குடியேற விட்டுவிடுவதும் உண்டு.

சட்டத்தை எடுப்பதைவிடக் கிணற்றை அடைப்பதுதான் என் கவலை. அடியில் அழுத்தம் மெல்லத் திரும்ப ஏறும். சிமெண்ட் அடைப்பு நாம் போன பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்க வேண்டும்.

ஏதோ தப்பா இருக்குன்னு தோணினா, புதுசா வந்த பையன் வேலையை நிறுத்தச் சொல்ல முடியுமா?

இதைக் கேட்டது, முதல் தடவை ரிக்குக்குக் கிளம்பிய ஒரு பையன். விதிப்படி முடியும். யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று இப்போது எல்லா இடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நிஜத்தில் முடியுமா என்பது அங்கே துளையிடும் கருவியை இயக்கும் டிரில்லர் எப்படிப்பட்டவர் என்பதில் இருக்கிறது. மக்கோண்டோவிலும் பைப்பரிலும் அந்த வார்த்தையைச் சொல்ல இடமிருந்தது. சொல்லிக் கேட்கும் ஆள் வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த புதுப் பையன் ஒருவன், மட்டம் நான்கு பேரல் ஏறியிருப்பதாக டிரில்லரிடம் போனில் சொன்னான். குரல் நடுங்கியது. டிரில்லர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிட்டை அடியிலிருந்து தூக்கினார், பம்பை நிறுத்தினார், எல்லோரும் கிணற்றின் வாயைப் பார்த்து நின்றோம். மட் அசையவில்லை. பத்து நிமிடம் பார்த்தோம். கடைசியில் தெரிந்தது, பக்கத்துத் தொட்டியிலிருந்து மட் மாற்றும்போது யாரோ ஒரு வால்வைச் சரியாக மூடவில்லை. அரை மணி நேரம் போனது. பையன் முகம் சுருங்கி வந்து நின்றான், திட்டு விழும் என்று. டிரில்லர் அவனைப் பார்த்து, "நாளைக்கும் இப்படித்தான் கூப்பிடணும், சரியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பம்பை மறுபடி போட்டார்.